விடுமுறையில் கிரேக்க மொழி கற்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெளிநாட்டுப் பயணத்தையும் மொழிப் படிப்பையும் சேர்த்துத் திட்டமிடுவது குறித்து வந்த கடிதங்களில், கிரீஸ் நாட்டைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: வங்கியில் பணிபுரிகிறேன். அடுத்த ஆண்டு 3 வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு கிரீஸ் செல்ல இருக்கிறேன். ஏதென்ஸ், சாண்டோரினி, மிக்கோனோஸ், கிரீட் ஆகிய நான்கு இடங்களையும் பார்த்துவிட்டு, நடுவில் ஒரு வாரம் கிரேக்க மொழி வகுப்பில் சேர எண்ணியிருக்கிறேன். இது சரிவருமா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: சரிவராது என்று சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிறு மாற்றம் செய்தால் மிக அருமையான பயணமாக இதை ஆக்கிக்கொள்ளலாம். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து சாண்டோரினித் தீவுக்கு விரைவுக் கப்பலில் சுமார் 5 மணி நேரமும் சாதாரணக் கப்பலில் சுமார் 8 மணி நேரமும் ஆகும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏஜியன் கடலில் ‘மெல்டேமி’ என்ற வடகாற்று வலுத்துவிட்டால் கப்பலே புறப்படாமல் போவதும் உண்டு. நான்கு ஊர்களுக்கு இப்படி மாறி மாறிப் போனால், பெட்டியைக் கட்டுவதிலும் பிரிப்பதிலுமே விடுமுறையின் பெரும்பகுதி கழிந்துவிடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சாண்டோரினியிலும் மிக்கோனோஸிலும் நீங்கள் கிரேக்கத்தில் வாயைத் திறப்பதற்கு முன்பே கடைக்காரர் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கிவிடுவார். சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊர்களில் அதுதான் இயல்பு.

ஒரே ஊரில் தங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. 3 வாரமும் ஒரே வாடகை அறை, ஒரே தெரு, காலையில் வகுப்பு, மாலையில் ஊர் என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது வாரத்திலேயே அந்தத் தெருவில் நாலு பேருக்கு உங்கள் முகம் தெரிந்துவிடும். மொழி அந்த நாலு பேரிடமிருந்துதான் வரும். அந்த ஊர் தெஸ்ஸலோனிகியாக இருந்தால் நல்லது என்பேன். நாட்டின் இரண்டாவது பெரிய நகரம் அது, மாணவர்கள் நிறைந்தது, கடற்கரையை ஒட்டியே நெடுந்தூரம் நடக்கலாம், வானம் தெளிவாக இருக்கும் நாளில் வளைகுடாவுக்கு அப்பால் ஒலிம்பஸ் மலை தெரியும். அங்குள்ள அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகத்தின் நவீன கிரேக்க மொழிப் பள்ளி வெளிநாட்டவருக்காகக் கோடை வகுப்புகளையும் நடத்துகிறது. ஏதென்ஸ்தான் வேண்டும் என்றால் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்திலும் அத்தகைய வகுப்புகள் உண்டு. அவற்றைத் தவிர, வாரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் தனியார் பள்ளிகளும் இரு நகரங்களிலும் இருக்கின்றன. சேர்வதற்கு முன் ஒரு வகுப்பில் எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எழுத்தே அறியாதவர்களுக்குத் தனிப்பிரிவு உண்டா என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை செப்டம்பரைச் சொல்வேன். ஜூலை, ஆகஸ்டில் ஏதென்ஸில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் வருகின்றன. ஆகஸ்ட் 15 மரியன்னை திருநாளையொட்டி நகரவாசிகளில் பலர் சொந்த ஊருக்கும் தீவுகளுக்கும் போய்விடுவதால், பேசிப் பழக ஆளில்லாத தெருக்களே மிஞ்சும். செப்டம்பரில் பள்ளிகளும் கடைகளும் வழக்கத்துக்குத் திரும்பிவிடும், கடலும் குளிக்கும் அளவுக்கு வெதுவெதுப்பாகவே இருக்கும்.

புறப்படுமுன் 24 எழுத்துகளையும் கற்றுவிடுங்கள். இதில் மட்டும் தளர்வு வேண்டாம். தினம் அரைமணி நேரம் ஒதுக்கினால் இரண்டு வாரத்தில் கைவந்துவிடும். எழுத்து தெரிந்தவருக்கு விமான நிலையத்தில் இறங்கியதுமே பாடம் தொடங்கிவிடுகிறது. வெளியே செல்லும் வழியில் ‘எக்ஸோதோஸ்’ என்றும், உள்ளே வரும் வழியில் ‘ஈஸோதோஸ்’ என்றும் எழுதியிருப்பார்கள். இரண்டிலும் உள்ள ‘ஓதோஸ்’ என்பதற்குப் பாதை என்று பொருள். உங்கள் தொழிலுக்குரிய சொல்லையும் தெருவிலேயே பார்ப்பீர்கள். வங்கிக்கு அங்கே ‘த்ராபெஸா’ என்று பெயர். பழைய கிரேக்கத்தில் அது மேசையைக் குறித்த சொல்; நாணயம் மாற்றுவோர் மேசை போட்டு உட்கார்ந்ததால் வங்கிக்கு ஆகிவந்தது. இன்றும் வீட்டு மேசை ‘த்ராபேஸி’தான்.

தெஸ்ஸலோனிகியில் நான் படித்த முதல் வாரத்தில், வகுப்புக்குப் போகும் வழியிலிருந்த பேக்கரியில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ‘திரோபிதா’ ஒன்றை ‘ஏனா திரோபிதா’ என்று கேட்டேன். கடைக்கார அம்மையார் ஒரு விரலை உயர்த்தி, ‘மியா’ என்று மெல்லத் திருத்திவிட்டு, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். திரோபிதா பெண்பால் சொல் என்பதால், அதற்கு முன் வரும் ‘ஒன்று’ என்ற எண்ணும் பெண்பாலாக வேண்டும். மறுநாள் ‘மியா’ என்று சரியாகக் கேட்டேன். அதற்கடுத்த நாள் உடன் படிப்பவர்களுக்கும் சேர்த்து மூன்று வாங்க வேண்டியிருந்ததால், ‘த்ரிஸ் திரோபிதேஸ்’ என்று முந்தைய இரவே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அன்றுதான் அவர், ‘அபோ பூ ஈஸ்தே?’, அதாவது எந்த ஊர் நீங்கள், என்று கேட்டார். வகுப்பில் பாடமாகப் படித்த கேள்வியை ஒருவர் உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்ட முதல் தருணம் அது. நான்கு ஊர் சுற்றியிருந்தால் அந்தக் கடைக்கு மூன்றாம் நாள் போயிருக்க மாட்டேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வயது 63. மகள் ஏதென்ஸில் பணியாற்றுவதால் அங்கே 2 மாதம் தங்கப்போகிறேன். கிரேக்க இலக்கணம் மிகக் கடினம் என்கிறார்கள். இந்த வயதில் முயலலாமா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: தாராளமாக முயலலாம், ஐயா. தமிழிலக்கணத்தைப் பிறருக்குக் கற்பித்தவர் என்பதால், ஆங்கிலம் மட்டும் அறிந்த மாணவர் திகைத்து நிற்கும் பல இடங்களைத் தாங்கள் எளிதாகக் கடப்பீர்கள். ‘எழுதுகிறேன்’ என்பதிலேயே ‘நான்’ அடங்கியிருப்பதைப் போல, ‘க்ராஃபோ’ என்ற ஒரு சொல்லுக்கே நான் எழுதுகிறேன் என்று பொருள். ‘க்ராஃபிஸ்’ என்றால் நீ எழுதுகிறாய், ‘க்ராஃபுமே’ என்றால் நாங்கள் எழுதுகிறோம். பெரியவரையும் அறிமுகமில்லாதவரையும் ஒருமையில் அழைக்காமல் பன்மையில் அழைக்கும் மரியாதையும் அங்கு உண்டு. ‘நீ’ என்பதற்கு ‘எஸி’, ‘நீங்கள்’ என்பதற்கு ‘எஸிஸ்’.

வேற்றுமைகள் நான்கே. அவற்றுள் ஒன்று விளிவேற்றுமை என்பது தங்களுக்கு மகிழ்ச்சி தரும். முருகன் ‘முருகா’ ஆவதைப் போல, யோர்கோஸ் என்பவரை எதிரில் கண்டு அழைக்கும்போது ‘யோர்கோ’ என்றும், நிக்கோஸை ‘நிக்கோ’ என்றும் ஈறு கெட்டு விளிக்க வேண்டும். ஒலிகளிலும் நமக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ‘அது’ என்பதில் தகரமும் ‘மகன்’ என்பதில் ககரமும் மென்மையாக ஒலிக்கின்றன அல்லவா? கிரேக்கத்தின் தெல்தா, காமா எழுத்துகளின் ஒலி ஏறத்தாழ அதுவேதான். அவர்களுடைய ‘தாஃப்’ எழுத்தின் ஒலி, ‘தலை’ என்பதில் வரும் நம்முடைய தகரமே. ஆங்கிலப் பழக்கத்தில் அதை டகரமாக்கிவிடாமல் இருந்தால் போதும்.

சிரமம் வரும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும். முதலாவது, பால். நம் மொழியில் பொருளைக் கொண்டு பாலையும் திணையையும் முடிவு செய்கிறோம். அங்கே சொல்லின் வடிவம்தான் முடிவு செய்கிறது. கடல் பெண்பால், வானம் ஆண்பால், மேசை இரண்டும் அல்லாத அலிப்பால். குழந்தையைக் குறிக்கும் ‘பெதீ’ அலிப்பால் என்பதை, ‘குழந்தை அழுதது’ என்று சொல்லும் நாம் ஏற்றுக்கொள்வோம். சிறுமியைக் குறிக்கும் ‘கொரீத்ஸி’யும் அலிப்பால் என்பதற்குத்தான் பழக வேண்டும். இரண்டாவது, வினைச்சொல்லுக்கு இரண்டு அடிச்சொற்கள் இருப்பது. தொடர்ந்து எழுதிக்கொண்டிருப்பேன் என்றால் ‘தா க்ராஃபோ’. ஒருமுறை எழுதி முடிப்பேன் என்றால் ‘தா க்ராப்ஸோ’. எந்த வயதில் படிப்பவருக்கும் நேரம் எடுக்கும் பகுதி இது. ‘இ’ என்ற ஒரே ஒலிக்கு ஆறு விதமான எழுத்துக்கூட்டல்கள் இருப்பதால், தினமும் சில வரிகளைக் கையால் எழுதிவருவதும் நல்லது.

இன்னொரு ஆறுதலான செய்தியும் உண்டு. செந்தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள இடைவெளியைப் போன்ற ஒன்று கிரேக்கத்திலும் நெடுங்காலம் இருந்தது. ‘கதரேவூஸா’ என்ற தூய நடை அரசிலும் கல்வியிலும் ஆண்டது. மக்கள் ‘திமோதிகி’ பேசினார்கள். 1976-இல் மக்கள் மொழியே கல்விமொழி ஆயிற்று. 1982-இல் பழைய பல்வகை உச்சரிப்புக் குறிகளும் நீக்கப்பட்டு, அழுத்தத்தைக் காட்டும் ஒரே குறி நின்றது. ஆகவே, தாங்கள் காலையில் வகுப்பில் கற்பதை மாலையில் தெருவில் அப்படியே பேசலாம்.

கேள்வி: இறையியல் மாணவன். புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தை 2 ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். கிரீஸில் ஒரு மாதம் தங்கி நவீன கிரேக்கம் கற்பதால் எனக்குப் பயன் உண்டா?
— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: உண்டு. ஆனால் முதல் வாரத்தில் காது குழம்பும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இறையியல் கல்லூரிகளில் பரவலாகக் கற்பிக்கப்படுவது 16-ஆம் நூற்றாண்டு அறிஞர் எராஸ்மஸ் பெயரால் வழங்கும் உச்சரிப்பு முறை. அதில் ‘கை’ என்று படிக்கும் ‘மற்றும்’ என்ற சொல்லைக் கிரீஸில் ‘கே’ என்பார்கள்; பீட்டா எழுத்து அங்கே ‘வீதா’ ஆகி வகரமாக ஒலிக்கும். நீங்கள் ‘ஹூமெய்ஸ்’, ‘ஹேமெய்ஸ்’ என்று வேறுபடுத்திப் படிக்கும் ‘நீங்கள்’, ‘நாங்கள்’ இரண்டும் காலப்போக்கில் ‘இமிஸ்’ என்று ஒன்றாகிவிட்டன. இன்றைய மொழியில் அவை ‘எஸிஸ்’, ‘எமிஸ்’ என்று புது வடிவம் கொண்டிருக்கின்றன. நீங்கள் படித்த நான்காம் வேற்றுமை இன்று சில மரபுத்தொடர்களில் மட்டுமே எஞ்சியிருக்கிறது; வினையெச்சத்தின் இடத்தை ‘நா’ என்ற இடைச்சொல் பிடித்துக்கொண்டது.

இத்தனை மாற்றத்துக்குப் பிறகும் சொற்களில் பெரும்பகுதி உங்களுக்குத் தெரிந்தவையாகவே இருக்கும். ஞாயிறு காலையில் எந்த ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்துக்குப் போனாலும், நற்செய்தி மூல மொழியிலேயே இன்றைய உச்சரிப்பில் வாசிக்கப்படுவதைக் கேட்கலாம். ஏட்டில் மட்டும் பார்த்த வரிகளைச் சபை நடுவே கேட்பது உள்ளத்தைத் தொடும் அனுபவம். வழிபாட்டில் ‘கீரியே எலேஇசோன்’ என்று ஆண்டவரை அழைக்கும் அந்த ‘கீரியே’தான், தெருவில் ஒரு பெரியவரை ‘ஐயா’ என்று அழைக்கவும் பயன்படுகிறது. ஏதென்ஸில் அரியோபாகு பாறையின் அடியில், திருத்தூதர் பவுல் அங்கு ஆற்றிய உரை கிரேக்கத்தில் பொறிக்கப்பட்ட வெண்கலப் பலகை இருக்கிறது. அகராதி இல்லாமல் அதன் முன் நின்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பவுல் நிருபங்கள் எழுதிய சபை இருந்த கொரிந்தும் ஏதென்ஸிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய தொலைவுதான்.

கேள்வி: ஒரு மாத மொழி வகுப்புக்குக் கிரீஸ் செல்ல மாணவர் விசா வேண்டுமா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: தங்கும் காலம் 90 நாட்களுக்கு உட்பட்டது என்பதால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறுகியகால ஷெங்கன் விசாவே போதும், அதற்கு மேல் தங்குவோருக்குத்தான் நீண்டகாலத் தேசிய விசா. பள்ளி தரும் சேர்க்கைக் கடிதத்தை விண்ணப்பத்துடன் இணையுங்கள். கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் திரும்பும் நாளுக்குப் பின் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு தேவை. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாட்கள் வரை தள்ளிப்போட வேண்டாம். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டால் வகுப்புக் கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்பதை, பணம் கட்டுமுன் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். முட்டையும் சேர்ப்பதில்லை. மொழி தெரியாமல் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்களுக்குக் கைகொடுக்கும் முதல் சொல் ‘நிஸ்தீஸிமோ’. ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நோன்பு நாட்களுக்குரிய உணவு என்று பொருள். இறைச்சி, மீன், பால், முட்டை எதுவும் அதில் சேராது. ஆனால் கணவாய், இறால் போன்றவற்றுக்கு அந்த நோன்பில் தடையில்லை என்பதால் அச்சொல்லை மட்டும் நம்பிவிடக் கூடாது. காய்களை ஆலிவ் எண்ணெயில் வேகவைக்கும் ‘லதேரா’ வகைகள் உங்களுக்கு ஏற்றவை. ‘ஸ்பனகோரிஸோ’ என்ற கீரைச்சாதமும் ‘ஃபஸோலாதா’ என்ற வெள்ளை பீன்ஸ் சூப்பும் நம் நாவுக்குப் பிடிக்கும். தக்காளிக்குள் சோறு அடைத்த ‘யெமிஸ்தா’வில் சில கடைகளில் கொத்துக்கறி கலப்பதுண்டு. சமைத்த தட்டுகளைக் கண்ணாடிக்குள் வரிசையாக வைத்திருக்கும் சிறு உணவகங்களுக்குச் சென்றால், நேரில் பார்த்து, ‘எஹி க்ரேயாஸ் மேஸா?’, அதாவது இதில் இறைச்சி இருக்கிறதா, என்று கேட்கலாம். பதிலைக் கவனமாகக் கேளுங்கள். ‘நே’ என்றால் ஆம், ‘ஓஹி’ என்றால் இல்லை. கடைக்காரர் வாயே திறக்காமல் புருவத்தையும் தலையையும் சற்று மேலே உயர்த்தினால், அதுவும் ‘இல்லை’தான்; அந்தத் தட்டை வாங்கிக்கொள்ளலாம்.