வேப்பம்புண்ணாக்கை வெள்ளாடு தின்னுமா?

கேள்வி: கடலைப்புண்ணாக்கு விலை கட்டுப்படியாகவில்லை. வேப்பம்புண்ணாக்கும் கொட்டமுத்து (ஆமணக்கு) புண்ணாக்கும் கிடைக்கின்றன. ஆட்டுக்கு வைக்கலாமா?
- வாசகர், திசையன்விளை

பதில்: வேப்பம்புண்ணாக்கை வைக்கலாம், ஆனால் அப்படியே அல்ல. ஓடு நீக்கி ஆட்டிய பருப்புப் புண்ணாக்கில்தான் புரதம் அதிகம். வேப்பமுத்தை ஓட்டோடு ஆட்டியதில் நார்தான் அதிகம்.

10 கிலோ புண்ணாக்குக்கு 250 கிராம் யூரியா, 12 லிட்டர் தண்ணீர். யூரியா முழுக்கக் கரைந்தபிறகே பிசையுங்கள். கட்டி நின்றால் அதைத் தின்ற ஆடு வயிறு உப்பி, நடுங்கிச் சாகும். கனத்த பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி 5, 6 நாள் வையுங்கள். உள்ளே உருவாகும் அம்மோனியாதான் கசப்பை முறிக்கிறது. கட்டு தளர்ந்தால் அது வெளியேறிவிடும், பூஞ்சணம்தான் மிஞ்சும். பிறகு மெல்லிசாகப் பரப்பி, காரநெடி போகும்வரை காயவிடுங்கள். நம்மூர் வெயிலுக்கு அது பெரிய வேலையில்லை.

100 கிலோ தீவனக் கலவையில் 5 கிலோவில் தொடங்கி, ஆடு பழகப் பழக 10 வரை ஏற்றலாம். அசைபோடத் தொடங்காத குட்டிக்கும் கோழிக்கும் கூடாது.

கொட்டமுத்துப் புண்ணாக்கைத் தொட்டியில் போடாதீர்கள். அதிலுள்ள ரிசின் என்ற நஞ்சு எண்ணெயோடு போகாது, புண்ணாக்கிலேயே தங்கும். சூட்டில் அழியும் என்றாலும் வீட்டு அடுப்பில் எல்லா இடத்திலும் சூடு சமமாக ஏறாது. வாழைக்கு உரமாகப் போட்டு, மண் மூடிவிடுங்கள். மேலாக விட்டால் நாய்கூட மோப்பம் பிடித்துத் தோண்டித் தின்னும்.