குலுக்கலில் வந்தவர்கள் கார்பனைக் குறைப்பார்களா?

கேள்வி: மாநகராட்சியின் கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்கு எப்போதும் அதே இருபது முகங்கள்தான் வருகின்றன. வெளிநாட்டு நகரங்களில் பொதுமக்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, கார்பன் உமிழ்வு பற்றி முடிவெடுக்கச் சொல்கிறார்களாமே?
– வாசகர், திருச்சி

பதில்: முடிவெடுப்பது நகர மன்றம்தான்; இவர்கள் பரிந்துரைப்பார்கள். கனடாவின் எட்மன்டனில் 2012-இல் 56 பேர் ஆறு சனிக்கிழமைகள் உட்கார்ந்தார்கள். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் 2019-இல் 50 பேர், இரண்டு வார இறுதிகள்.

ஆள் சேர்ப்பதில்தான் பாதி வேலை. நகரம் அல்ல, நாட்டளவிலானது என்றாலும், 2020-இல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழுக்கள் பருவநிலைக்காகக் கூட்டிய மக்கள் மன்றம் நல்ல உதாரணம். முதலில் குலுக்கலில் எடுத்த 30,000 வீடுகளுக்குக் கடிதம் போனது. வரத் தயார் என்றவர்கள் 1,700 சொச்சம்தான். ஏழைப் பகுதிகளிலிருந்து பதில் குறைவாக வரும் என்பதால், ஐந்தில் ஒரு கடிதத்தை அங்கேயே அனுப்பியிருந்தார்கள். பிறகு இரண்டாம் குலுக்கல்: வயது, பாலினம், படிப்பு, இனம், வசிப்பிடம் ஆகியவை மக்கள்தொகை விகிதத்துக்குப் பொருந்தும்படி 110 பேர். இதோடு, 'பருவநிலை பற்றி எவ்வளவு கவலைப்படுகிறீர்கள்?' என்ற கேள்வியும் உண்டு. அதை விட்டால் ஆர்வலர்கள் மட்டுமே நிறைவார்கள். 'அது அவங்க ஆளுங்க கூட்டம்' என்று ஊர் ஒதுக்கிவிடும்.

அங்கே ஒரு வார இறுதிக்கு ஆளுக்கு 150 பவுண்டு கொடுத்தார்கள். நம்மூரில் செய்தாலும் ஒரு நாள் கூலி, போக்குவரத்துச் செலவு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், இவை மூன்றும் வேண்டும். இல்லையென்றால் ஓய்வூதியர்கள்தான் மிஞ்சுவார்கள்.

அடுத்துச் சறுக்கும் இடம், மன்றத்தின் முன் வைக்கும் கேள்வி. 'நகரைப் பசுமையாக்குவது எப்படி?' என்று கேட்டால் ஆசைப்பட்டியல்தான் வரும். மாநகராட்சியின் கையில் இருப்பதைக் கேட்க வேண்டும்: தெருவிளக்கு, நடைபாதை, பார்க்கிங் கட்டணம், மீத்தேன் கக்கும் குப்பைக் கிடங்கு. அரசுப் பேருந்தும் மின் உற்பத்தியும் மாநில அரசிடம் இருக்க, அவற்றில் நாள் கணக்கில் மூளையைக் கசக்குவது வீண். நிபுணர் உரைகளையும் சுருக்குங்கள். ஏழெட்டுப் பேர் கொண்ட மேசைகளில், எல்லாரையும் பேசவைக்கத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து அலசுவதற்குத்தான் நேரம் போக வேண்டும்.

கேள்வி: எல்லாம் முடிந்து, அறிக்கையைக் கிடப்பில் போட்டுவிட்டால்?
– அதே வாசகர்

பதில்: பிரான்ஸில் ஏறக்குறைய அதுதான் நடந்தது. அங்கே பருவநிலைக்காகக் குலுக்கலில் வந்த 150 பேர் 149 பரிந்துரைகள் தந்தார்கள். வடிகட்டாமல் முன்னெடுப்பதாக வாக்களித்திருந்த அதிபர் மக்ரோன் மூன்றை நேரடியாகவே நிராகரித்தார். வேறு பல நீர்த்துப்போயின. 2021-இல் உறுப்பினர்கள் அரசின் நடவடிக்கைக்குப் போட்ட சராசரி மதிப்பெண் பத்துக்கு 3.3. எல்லாவற்றையும் ஏற்போம் என்ற வாக்குறுதியே ஆபத்தானது என்பேன். 2023-இல் நிரந்தர மக்கள் மன்றம் தொடங்கிய பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸின் ஏற்பாடு இதைவிட உறுதி: ஒவ்வொரு சுற்றுக்கும் குலுக்கலில் புதிதாக ஆட்கள், பரிந்துரைகளுக்கு அரசு பதில் சொல்லியாக வேண்டும், மறுத்தால் காரணம் தர வேண்டும், உறுப்பினர்களில் சிலர் தொடர்ந்து இருந்து, சொன்னது நடக்கிறதா என்று கண்காணிப்பார்கள். உங்கள் ஊரில் யாராவது இதைத் தொடங்கினால், முதல் கடிதம் அனுப்பும் முன்பே மாநகராட்சி மன்றத் தீர்மானமாக இதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.