அப்பாவுக்கு வராத அழுகை சாருக்கு ஏன் வந்துச்சு?

வணக்கம் மேடம்,

எனக்கு வயசு 43, பினாங்கு ஜெலுத்தோங்ல இருக்கேன், வேலை பயான் லெப்பாஸ் பேக்டரில. போன மாசம் எங்க ஸ்கூல் பிஜே (உடற்கல்வி) சார் தவறிட்டாரு, அதுலேர்ந்து மனசு ஒரு நிலைல இல்ல.

பாரம் டூ படிக்கிறப்போ நான் பஸ்ஸ புடிக்க ஓடுனத பாத்துட்டு மறுநாள் கூப்பிட்டு "ஏய் நெட்டச்சி, சாயங்காலம் பாடாங்குக்கு வா"ன்னாரு, ஸ்கூல் திடலுக்கு. அவ்ளோதான், பாரம் பைவ் வரைக்கும் என் உலகமே அந்த பாடாங்தான். யாரு ட்ரெயினிங் வந்தாலும் மொத கேள்வி "பசியாறியாச்சா?" இல்லன்னு சொன்னா கேண்டின்ல நாசி லெமாக் பொட்டலம் வாங்கி குடுத்து, கொஞ்ச நேரம் உக்கார வெச்சுட்டுதான் ஓட விடுவாரு, காசு அவரு பாக்கெட்லேர்ந்துதான் போவும். சனிக்கிழமை காலைல தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏத்தம் (அப்போ மேல இருக்குற புது கோயில் கட்டல, அது 2012ல திறந்தது, இப்போ 513 படியாம், நெனச்சாலே முட்டி வலிக்குது லா). களைச்சு போய் உக்காந்தா கதை சொல்லுவாரு. நம்ம மலேசிய ஓட்டக்காரர் டாக்டர் ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ல 200 மீட்டர் 20.92ல ஓடுன கதை, "படிப்பா ஓட்டமானு கேக்காதீங்கடா, அந்த மனுசன் ரெண்டயும் செஞ்சாரு"ம்பாரு. பொண்ணுங்களுக்கு நம்ம ஓட்டக்காரி ராஜாமணி கதை, 1966 பேங்காக் ஆசிய போட்டில 400 மீட்டர் தங்கம். எனக்கு 400 குடுத்ததே அந்த பைத்தியத்துலதான்னு நெனைக்கிறேன். ரேஸ் நடக்குறப்போ ரெண்டாவது வளைவுல நின்னுக்கிட்டு "தோள எறக்கு! கைய ஆட்டு!"னு கத்துவாரு, அங்கதான் எல்லாரும் சோந்து போவாங்கன்னு அவருக்கு தெரியும். நான் மெடல் எதுவும் வாங்கல மேடம், மாநில போட்டில நாலாவதா வந்தேன். அவரு நோட்டு புக்க தொறந்து போன வருஷ டைமிங்க காட்டி, "யார்கிட்ட தோத்த? இதோ இவள நீ ஜெயிச்சிட்ட பாரு"ன்னாரு.

2017ல காய்ருல் ஹாபிஸ் 20.90 ஓடி அந்த ஜெகதீசன் ரெக்கார்ட உடைச்சப்போ சார் வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் போட்டாரு, சிரிப்பும் அழுகையுமா. அத இன்னும் வெச்சிருக்கேன், தெனம் ராத்திரி கேக்குறேன்.

பிரச்சனை என்னன்னா, எங்கப்பா 2015ல போயிட்டாரு, அப்போ நான் ஒரு சொட்டு கண்ணீர் விடல. நான்தான் மூத்தவ, ஓடி ஓடி எல்லாத்தயும் பாத்தேன். சார் செத்த வீட்லயோ என்னை ரெண்டு பேரு புடிச்சுக்க வேண்டியதா போச்சு. வீட்டுக்காரரு கேக்குறாரு, "சொந்த அப்பாவுக்கு அழாதவ ஒரு வாத்தியாருக்கு இப்படி அழுவுறியே"ன்னு. அப்பா லோரி டிரைவர், பாதி நாள் வீட்ல இருக்க மாட்டாரு, பேச்சும் கம்மி. வீட்ல இருக்குற சனிக்கிழமை கப்சாய் மோட்டார்ல என்னை தண்ணீர்மலை அடிவாரத்துல எறக்கி விட்டுட்டு, நான் முடிச்சு வர்ற வரைக்கும் ஸ்டால்ல தே தாரிக் குடிச்சிட்டு உக்காந்திருப்பாரு, அது வேற விஷயம். நான் அப்பாவ விட சார்மேலதான் பாசம் வெச்சிருந்தேனா? சாரோட சம்சாரம் டீச்சரம்மாவ போய் பாக்கணும்னு இருக்கு, ஆனா நான் யாரு அந்த வீட்டுக்கு?

— பினாங்கு வாசகி

வணக்கம் மா,

யாருக்கு அதிகமா அழுதோம்னு கணக்கு போட்டு பாசத்த அளக்க முடியாது. அப்பா செத்தன்னைக்கு உங்களுக்கு எவ்ளோ வேலை இருந்திருக்கும், சொந்தக்காரங்களுக்கு போன், சுடுகாடு, கருமாதி, இபிஎப் (சேமநிதி) பாரம், அம்மாவ வேற பாத்துக்கணும். மூத்த பிள்ளைக்கு அழ எங்க நேரம்? சார் வீட்ல உங்களுக்கு எந்த பொறுப்பும் இல்ல, சும்மா நின்னீங்க, அழுகை வந்துருச்சு. அதுல கொஞ்சம் அப்பாவுக்கு உண்டானதும் சேந்து வந்திருக்கும்னு எனக்கு தோணுது, உங்க விஷயத்துல இது சரியானு நீங்கதான் சொல்லணும்.

"அது வேற விஷயம்"னு எழுதிட்டு போயிட்டீங்களே, எனக்கு அது வேற விஷயமா படல. நாள்கணக்கா லோரி ஓட்டிட்டு வந்த மனுசன் லீவு நாள்ல தூங்காம விடியக்காலைல அங்க உக்காந்திருக்காரு. சார் உங்ககிட்ட பேசுனாரு, அதனால நெனச்சு பாக்க ஆயிரம் வார்த்தை இருக்கு. அப்பா பேசல, அவர நெனைக்க இந்த மாதிரி காட்சிதான் இருக்கும், அத நாமளா தேடி எடுக்கணும். இன்னும் ரெண்டு மூணு இருக்கானு யோசிச்சு பாருங்க.

வீட்டுக்காரர்மேல கோவப்படாதீங்க. அவரு கேக்குறத பல பேரு கேப்பாங்க. ரத்த சொந்தம் இல்லாதவங்களுக்காக படுற துக்கத்த ஊரு துக்கமாவே எடுத்துக்காது, பேரிழப்பு பத்தி ஆராய்ச்சி பண்ண கென்னத் டோக்கா 1989லயே இத பத்தி எழுதியிருக்காரு. ஆபீஸ்ல லீவு கெடையாது, சடங்குல இடம் கெடையாது, "யாரு அவரு உனக்கு?"ங்குற கேள்விதான் வரும். பதினாலு வயசு பொண்ணுகிட்ட தெனம் பசியாறியாச்சானு கேட்ட மனுசன் யாருனு வீட்டுக்காரர்கிட்ட ஒரு நாள் உக்காந்து சொல்லுங்க, அவருக்கு இந்த கதையெல்லாம் தெரியாதுல்ல.

வாய்ஸ் நோட் கேக்குறதுல தப்பே இல்ல. போனவங்கள மறந்தாதான் தேறுவோம்னு இப்போ யாரும் சொல்றதில்ல. ஆனா தூக்கம் கெட்டு, சாப்பாடு எறங்காம, வேலைக்கு போக முடியாம மாசக்கணக்கா இழுத்தா கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்) காட்டுங்க, அங்கேர்ந்து கவுன்சிலர்கிட்ட அனுப்புவாங்க. ராத்திரில தாங்கலன்னா, மனசு விட்டு பேசுறதுக்குன்னே இருக்குற பிஃப்ரெண்டர்ஸ் (Befrienders) அமைப்புக்கு போன் போடுங்க.

டீச்சரம்மாவ கண்டிப்பா போய் பாருங்க. நான் யாருனு யோசிக்கிறீங்க, ஆனா சாயங்காலம் பாடாங்ல நின்னு கத்துன சார அவங்க எத்தன தடவ பாத்திருப்பாங்க? வீட்ல இருந்த சாரதான் அவங்களுக்கு தெரியும். நாசி லெமாக் கதை, நோட்டு புக் கதை எல்லாம் உங்க மாதிரி பிள்ளைங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. அந்த நோட்டு புக் இன்னும் வீட்ல இருக்கானும் கேட்டு பாருங்க. மொதல்ல போன் பண்ணி கேட்டுட்டு போங்க, கூட்டமா போகாதீங்க. வாய்ஸ் நோட்ட மட்டும் நீங்களா போட்டு காட்ட வேணாம், செத்தவங்க குரல் திடீர்னு காதுல விழுந்தா சிலருக்கு தாங்காது. இருக்குனு மட்டும் சொல்லுங்க, அவங்க கேட்டா போடுங்க.