டித்வாவுக்குப் பிறகு வந்த கேள்விகள்

டித்வா சூறாவளி போன பிறகு இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் மழையும் கடவுளும் சேர்ந்தே வருகின்றன. பள்ளியில் புவியியல் படிப்பித்தவள், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் என்று தெரிந்துதான் என்னிடம் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

மலையகத்தில் என் தங்கை இருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் சில வீடுகள் மண்ணுக்குள் போய்விட்டன. "செய்த பாவத்துக்குத் தண்டனை" என்கிறார் எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியவர். நானும் சாமி கும்பிடுகிறவள்தான். இதை எப்படி ஏற்பது ரீச்சர்?
— வாசகி, கொட்டாஞ்சேனை

ஏற்க வேண்டாம் அம்மா. அப்படிச் சொல்ல அவருக்கு உரிமையும் இல்லை.

இது பழைய வழக்கு. 1934 ஜனவரி 15ஆம் திகதி பீகாரில் பெரும் நிலநடுக்கம் வந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். காந்தி அப்போது தீண்டாமைக்கு எதிராகத் தென்னிந்தியாவில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்று திருநெல்வேலியில் பேசினார். தாகூரும் தீண்டாமையை எதிர்த்தவர்தான். ஆனாலும் இதை அவரால் பொறுக்க முடியவில்லை. இயற்கையில் நடப்பதற்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும், மனிதரின் ஒழுக்கத்தை அதோடு முடிச்சுப் போட்டால் மூடநம்பிக்கைதான் பெருகும் என்று மறுத்து எழுதினார். அந்த மறுப்பைக் காந்தி தன்னுடைய ஹரிஜன் பத்திரிகையிலேயே அச்சிட்டார். தன் கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

காந்தி மீது எனக்கு நிறைய மரியாதை உண்டு. இதில் நான் தாகூர் பக்கம். தீண்டாமையால் வதைபட்ட ஏழைகளும்தானே அந்த இடிபாடுகளில் செத்தார்கள்? அவர்கள் எந்தப் பாவத்தைச் செய்தார்கள்?

மலையகத்துக்கு வாருங்கள். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் அப்படியே புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. விஞ்ஞானம் தன் வேலையைச் செய்திருந்தது. ஆனால் போவதற்கு ஓர் இடம் காட்டாமல் "எழும்பிப் போ" என்றால் தோட்டத் தொழிலாளி எங்கே போவார்? சரிவில் லயம் கட்டியவர்கள் அங்கே குடியிருந்தவர்கள் இல்லை. செத்தவர்களிடம் பாவம் தேடுகிறவர், இந்தக் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டுமோ அவர்களைத் தப்பவிட்டுவிடுகிறார். எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

மழைநீர் மண்ணின் இடுக்குகளில் நிறைய நிறைய, மண் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பலம் குறையும். அதற்கு மேல் சரிவின் பாரம் தாங்காது. மண் சரிவதற்குக் காரணம் இவ்வளவுதான். உங்கள் தங்கையிடம் இந்த அளவுகளைச் சொல்லி வையுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு. 100 என்றால் மூட்டை கட்டித் தயாராக இருக்க வேண்டும். 150 என்றால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினால், வெளியேற வேண்டும். அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமுள்ள பாத்திரம் ஒன்றை வெட்டவெளியில் வைத்து, அடிமட்டத்தால் பார்த்தால் போதும். பத்து சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் அது 100 மில்லிமீற்றர் மழை. சுவரில் புதிதாக வெடிப்பு விட்டாலோ, மரங்கள் சாய ஆரம்பித்தாலோ, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ எந்த அளவுக்கும் காத்திருக்கக் கூடாது.

கிரகணத்தைப் பஞ்சாங்கம் நிமிடக் கணக்கில் சொல்கிறது. இவ்வளவு கருவிகள் வைத்திருப்பவர்கள் நாளைய மழையை "பெய்யக்கூடும்" என்கிறார்கள். யாரை நம்புவது?
— வாசகர், தெஹிவளை

கிரகண விஷயத்தில் பஞ்சாங்கத்தைத் தாராளமாக நம்புங்கள் ஐயா. அதற்குப் பின்னால் இருப்பது அசல் கணிதம். 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் சிப்பிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடங்கும் நேரத்தில் அவருக்கு வந்த பிழை நான்கே நிமிடம். ஜோன் வாரன் என்ற ஐரோப்பியர் இதைப் பதிவு செய்து வைத்தார். படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

சந்திரன் போகும் பாதையை யாரும் இடையில் கலைப்பதில்லை. வானிலை அப்படியில்லை. 1961இல் எட்வர்ட் லொரென்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி கணினியில் ஒரு வானிலைக் கணக்கை மறுபடி ஓட்டிப் பார்த்தார். 0.506127 என்ற எண்ணைச் சுருக்கி 0.506 என்று கொடுத்தார். அந்தச் சின்ன வித்தியாசம் வளர்ந்து வளர்ந்து, கொஞ்ச நேரத்தில் முற்றிலும் வேறொரு வானிலையைக் காட்டியது. கடலுக்கு மேலே காற்றும் ஈரமும் வெப்பமும் இந்த நிமிடத்தில் எப்படி இருக்கின்றன என்பதை ஒவ்வோர் இடத்திலும் அளக்க யாராலும் முடியாது. அதனால் ஐரோப்பிய வானிலை நிலையம் ஒரே கணக்கைச் சிறுசிறு மாற்றங்களோடு ஐம்பதுக்கும் மேற்பட்ட தடவை ஓட்டுகிறது. அவற்றில் பெரும்பாலானவை ஒரே பக்கம் சாய்ந்தால் நம்பிக்கை கூடும். ஆளுக்கொரு திசையில் போனால் குறையும். நூற்றுக்கு 70 வாய்ப்பு என்று சொல்லப்பட்ட பத்து நாட்களில் மூன்று நாள் காய்ந்து கிடந்தால் அந்த முன்னறிவிப்புச் சரியாகத்தான் இருந்திருக்கிறது. "கூடும்" என்பது அறியாமையில் வரும் சொல் இல்லை. எவ்வளவு தெரியும் என்பதை நேர்மையாகச் சொல்வது.

அப்புறம், அதே பஞ்சாங்கத்தில் வருடத்துக்கான மழைப் பலனும் இருக்கும். அது கிரகணக் கணிதம் போன்றதல்ல. அதை வைத்து, ஆற்றோரத்தில் இருப்பதா எழும்புவதா என்று முடிவெடுக்காதீர்கள்.

சூறாவளிக்கு யார் பெயர் வைக்கிறார்கள்?
— மாணவி, வத்தளை

வட இந்து சமுத்திரத்தைச் சுற்றியுள்ள 13 நாடுகள் கொடுத்த பட்டியலிலிருந்து வரிசையாக எடுக்கிறார்கள் மகள். டித்வா, யேமன் கொடுத்த பெயர். சொகொத்ரா தீவில் உள்ள ஒரு களப்பின் பெயர் அது. 2013இல் இலங்கை கொடுத்த மகாசேன் என்ற பெயர் வந்தபோது, குளம் கட்டிய அரசனின் பெயரை அழிக்கும் காற்றுக்கு வைப்பதா என்று எதிர்ப்பு எழுந்து, வியாரு என்று மாற்றினார்கள்.

இன்ன திகதியில் பெரிய நிலநடுக்கம் என்று வட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா?
— வாசகர், பம்பலப்பிட்டி

இல்லை. நாள் குறித்து நிலநடுக்கத்தைச் சொல்லும் வித்தை இன்றுவரை எவரிடமும் கிடையாது. 1975 பெப்ரவரியில் சீனாவின் ஹைசெங் நகரில் முன்அதிர்வுகளைப் பார்த்து மக்களை வெளியேற்றினார்கள், பலர் பிழைத்தார்கள். அடுத்த வருடமே தாங்ஷானில் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

"பயப்பட ஒன்றுமில்லை" என்று அடித்துச் சொல்வதும் இதே அளவுக்கு ஆபத்தானது. இத்தாலியின் லாக்குவிலா நகரில் 2009இல் சிறு அதிர்வுகள் தொடர்ந்து வந்தபோது மக்களுக்கு அப்படியொரு ஆறுதல் சொல்லப்பட்டது. ஏப்ரல் 6ஆம் திகதி அதிகாலை 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விஞ்ஞானிகள் ஆறு பேருக்கும் ஓர் அதிகாரிக்கும் 2012இல் தண்டனை விதித்தார்கள். மேன்முறையீட்டில் 2014இல் அந்த விஞ்ஞானிகள் விடுவிக்கப்பட்டார்கள். அந்த விடுதலை சரி என்றே நினைக்கிறேன். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று மக்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சுனாமியில் சுற்றியிருந்த வீடெல்லாம் போக, கோயிலும் சிலையும் மட்டும் நின்றன. இது அற்புதம் இல்லையா?
— வாசகர், முகத்துவாரம்

தெற்கில் புத்தர் சிலைகளைப் பற்றி இப்படிச் சொன்னார்கள். இந்தோனேசியாவின் அச்சேயில், தனித்து நின்ற பள்ளிவாசலைக் காட்டினார்கள். வேளாங்கண்ணியில் மாதா கோயிலுக்குள் தண்ணீர் போகவில்லை என்றார்கள். ஆனால் அந்த வேளாங்கண்ணிக் கடற்கரையில்தான் கிறிஸ்மஸுக்கு வந்த யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். நம் மட்டக்களப்புக் கல்லடியில் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் அலையில் சாய்ந்தது. முருகன் அங்கே இல்லை என்று யாராவது சொல்வோமா?

எல்லோரும் சேர்ந்து நல்ல சீமெந்தில், தடித்த தூணோடு, உயர்ந்த மேடையில் கட்டியவை பல இடங்களில் நின்றன. தண்ணீர் தூண்களுக்கு நடுவே புகுந்து போய்விடும். கடலோர ஏழையின் ஒற்றைக்கல் சுவர் அதைத் தடுத்து நின்று உடையும். வீட்டையும் அப்படிக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் இதில் நாம் படிக்க வேண்டியது.

முன்னோர் சொன்னதையெல்லாம் தள்ளச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். சுமாத்திராவுக்குப் பக்கத்தில் சிமுலூ என்ற தீவு. 2004 நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த இடம். அங்கே 1907இலும் ஒரு பேரலை வந்தது. நிலம் பலமாக ஆடிக் கடல் வற்றினால் மலைக்கு ஓடு என்று பாட்டிகள் தாலாட்டிலும் கதையிலும் சொல்லிக்கொண்டே வந்தார்கள். 2004இல் ஏறத்தாழ 78,000 பேர் இருந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். கருவியும் இல்லை, வானொலிச் செய்தியும் இல்லை. நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் பேரப்பிள்ளைக்குச் சொல்லி வைத்தார்கள். எந்த விஞ்ஞானிக்கும் இது பிடிக்கும்.

2012இல் சுனாமி எச்சரிக்கை என்று ஓடினோம், ஒன்றும் வரவில்லை. அடுத்த முறையும் ஓட வேண்டுமா?
— வாசகர், வெள்ளவத்தை

கட்டாயம் ஓட வேண்டும் தம்பி. நானும் உங்கள் பக்கம்தான், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல். 2012 ஏப்ரல் 11, புதுவருஷத்துக்குப் பலகாரம் சுடும் நாட்கள். எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் அடுப்பை அணைத்துவிட்டுக் காலி வீதியைத் தாண்டி ஹவ்லொக் வீதிப் பக்கம் போனோம். அன்றைய நிலநடுக்கத்தின் அளவு 8.6. அவ்வளவு பெரியது. ஆனால் கடலடித் தட்டுகள் மேலும் கீழுமாக எழாமல் பக்கவாட்டில் உரசின, அதனால் பெரிய அலை கிளம்பவில்லை. அது எப்படி அசைந்தது என்று தீர்மானமாகத் தெரியும் வரை காத்திருந்தால், வருவதாக இருந்த அலை வந்தே சேர்ந்துவிடும்.

2004 டிசம்பர் 26 போயா தினம், ஞாயிற்றுக்கிழமை. சுமாத்திராவில் நிலம் அதிர்ந்தபோது இங்கே காலை 6.59. கொழும்பு கோட்டையிலிருந்து தெற்கே போகும் ரயிலும் கிட்டத்தட்ட அந்த நேரத்தில்தான் புறப்பட்டது. ஹவாயில் இருந்த பசிபிக் எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்துக்குள் நிலநடுக்கத்தைக் கண்டுகொண்டு அறிக்கையும் விட்டது, பசிபிக் நாடுகளுக்கு. இந்து சமுத்திரத்துக்கு அப்போது அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. கிழக்குக் கரைக்கு அலை வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. பெரேலியவில் அந்த ரயிலை அலை அடித்தபோது ஒன்பதரை மணியளவு. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் இறந்தார்கள். அவர்களுக்கு ஒரு வீண் எச்சரிக்கையாவது கிடைத்திருக்கக் கூடாதா என்று நான் நினைக்காத வருடம் இல்லை.

பலகாரம் கருகியதால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை தம்பி.

வெள்ளம் வந்தபோது எங்கள் கோயிலில் விசேட பூசையும் அன்னதானமும் செய்தோம். இனி வரும்முன் ஏதாவது செய்ய முடியுமா?
— கோயில் பரிபாலன சபை உறுப்பினர், மட்டக்குளி

நீங்கள் கேட்டதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். பூசையை விடச் சொல்ல மாட்டேன். இழப்பில் இருப்பவர்களுக்கு அது பெரிய பிடிமானம்.

பங்களாதேஷைப் பாருங்கள். 1970 நவம்பர் சூறாவளியில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். 2007இல் வந்த சிடர் புயலும் கடுமையானதுதான், அதில் இறந்தவர்கள் சில ஆயிரம் பேர். செய்மதி ஒரு காரணம். ஊர் ஊராகப் பயிற்சி பெற்ற தொண்டர்களும், உயரமான புயல் கூடங்களும், எச்சரிக்கையை அறிவித்த பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளும் இன்னொரு காரணம். தனக்குத் தெரிந்த குரல், தன் மொழியில் சொன்னால் மனிதர் எழுந்து நடப்பார்கள். நமக்கு எச்சரிக்கை தமிழில் வர நேரமாவதைப் பலமுறை பார்த்துவிட்டோம். அது கண்டிக்க வேண்டிய விஷயம், கண்டித்துக்கொண்டே இருப்போம். அதுவரை உங்கள் கோயில் அந்த இடைவெளியை நிரப்பலாம்.

களனி கங்கை சிவனொளிபாத மலைப் பக்கம் பிறந்து உங்கள் வாசலருகே கடலில் விழுகிறது. மேலே பெய்த மழை கீழே வர நேரம் எடுக்கும், அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். கொழும்பில் மழை விட்டுவிட்டதே என்று இருந்துவிடக் கூடாது. நீர்ப்பாசனத் திணைக்களம் ஹங்வெல்லையிலும் நாகலகம் வீதியிலும் ஆற்று மட்டத்தை அளந்து வெளியிடுகிறது. நாகலகம் வீதியில் 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம். சிங்களமும் தமிழும் நன்றாகத் தெரிந்த இளைஞர் இருவரை இதற்கென்று வைத்து, மட்டம் ஏறும் நாட்களில் மணிக்கு ஒருமுறை கோயில் ஒலிபெருக்கியில் தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். பக்கத்துத் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் அதே அறிக்கையைக் கொடுங்கள். தனியாக இருக்கும் முதியவர்கள், நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள் யார் யார் என்று கிராம உத்தியோகத்தரோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொருவரையும் தூக்கி வரப்போகிறவர் யார் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மண்டபம் தாழ்வான இடத்தில் இருந்தால் அதை நம்பாமல், மேட்டில் உள்ள இன்னொரு மண்டபத்தோடு இப்போதே பேசி வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தையும், இரவில் மண்டபச் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் கோயில் வாசலில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.