ஸ்ட்ரிப்பை எண்ணும் மகள்: கடன் வாங்கி இன்சுலின் பம்ப் வாங்கலாமா?

கேள்வி: மகளுக்கு 9 வயது. பத்து மாதங்களுக்கு முன் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அப்போது ஐசியூ செலவு 1,60,000 ரூபாய். நகையை அடகு வைத்துக் கட்டினோம். இப்போது மாதம் 7,000 ஆகிறது, அதில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் மட்டும் 3,000. என் சம்பளம் கைக்கு 46,000. மனைவி வேலையை விட்டுவிட்டார். தினமும் இரவு 2 மணிக்கு எழுந்து சர்க்கரை பார்க்கிறார், அப்புறம் தூங்குவதே இல்லை, எதற்கெடுத்தாலும் அழுகிறார். டாக்டர் கவுன்சிலிங் போகச் சொல்கிறார், ஒரு தடவைக்கு 800. அதைப் பிறகு பார்த்துக்கொண்டு, ஊசிக்குப் பதிலாக உடலில் இன்சுலின் செலுத்தும் பம்ப்பைத் தனிநபர் கடனில் வாங்கலாமா? மகளும் பாவம், "ரெண்டு தடவை பாத்தா போதும்ப்பா, ஸ்ட்ரிப் தீர்ந்துடும்" என்கிறாள்.
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் கடைசி வரியை என்னால் எளிதில் தாண்ட முடியவில்லை. ஸ்ட்ரிப் தீர்ந்தால் என்ன செலவாகும் என்று அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. பணத்தைப் பற்றி நீங்கள் பேசுவது அவள் காதில் விழுகிறது. தன்னால்தான் வீட்டுக்குக் கஷ்டம் என்று நினைத்துவிட்டால், குழந்தைகள் டெஸ்டைத் தவிர்ப்பார்கள், மயக்கம் வருவதுபோல் இருந்தாலும் சொல்லாமல் மறைப்பார்கள். போன முறை ஐசியூவுக்குக் கட்டிய தொகையில் நான்கு வருடத்துக்கு மேல் ஸ்ட்ரிப் வாங்கியிருக்கலாம். அதனால் ஸ்ட்ரிப்பில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள்.

பம்ப் இப்போது வேண்டாம். வாங்கியதோடு செலவு முடிவதில்லை. உடலில் பொருத்தும் குழாய் செட்டை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இஎம்ஐக்கு மேல் அதுவும் மாதாமாதம் சேரும். சாப்பாட்டில் மாவுச்சத்தைக் கணக்குப் பார்க்கிற வேலையும் போகாது. நகைக்கடன் முடியட்டும், டாக்டரும் அவசியம் என்று சொல்லட்டும், அப்போது யோசிக்கலாம்.

கவுன்சிலிங்கைத் தள்ளிப்போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. மாதம் இரண்டு தடவை என்றால் 1,600. அதை இன்சுலின் வாங்குகிற கணக்கிலேயே எழுதுங்கள். மகளுக்கு வேளாவேளைக்கு ஊசி போடுவதும், அளவைக் கூட்டிக் குறைப்பதும் உங்கள் மனைவிதான். அவர் தளர்ந்துபோனால் எந்தக் கருவி வாங்கியும் பயனில்லை. கவுன்சிலிங் தொடங்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம்: 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். இரவு 2 மணி டெஸ்ட் தினமும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். தேவை என்றால் வாரத்தில் மூன்று நாளாவது நீங்கள் எழுந்திருங்கள். இதற்குக் காசு ஆகாது, ஆனால் நான் சொல்வதில் இதுதான் அவருக்கு உடனே உதவும்.

அந்த 1,600-க்கு ஒரு வழி இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, நம் வரிப்பணம்தான். ஆனால் டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் வருவது 100. குப்பிக்கு ஏற்ற சிரிஞ்ச் இல்லாவிட்டால் அளவு ஆபத்தான விதத்தில் மாறிவிடும்.

உங்கள் அலுவலகக் குழுக் காப்பீட்டில் மகள் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே எச்ஆரிடம் கேளுங்கள். பெரும்பாலான குழுக் காப்பீடுகளில் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் இல்லை. தனியாக எடுத்தால் மூன்று வருடம் வரை காத்திருக்க நேரலாம். வீட்டில் இப்போது சம்பாதிப்பது நீங்கள் ஒருவர்தான், அதனால் உங்கள் பெயரில் ஒரு டேர்ம் பாலிசியும் (நீங்கள் இல்லாமல் போனால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) கட்டாயம் வேண்டும்.

அப்புறம், பணக் கணக்கை மகள் தூங்கிய பிறகு பேசுங்கள். அடுத்த மாத ஸ்ட்ரிப் டப்பாக்களை மொத்தமாக வாங்கி அவள் கண்ணில் படுகிற அலமாரியில் அடுக்குங்கள். "எத்தனை தடவை வேணுமோ அத்தனை தடவை பாரு, எண்ண வேண்டியது அப்பா வேலை" என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.