கடவுளே இல்லை என்பவரிடம் சுவிசேஷத்தை எப்படிப் பகிர்வது?

சுவிசேஷம் என்றால் நற்செய்தி. அதைப் பகிர்வது என்பது, இயேசு யார், அவர் என் வாழ்க்கையில் என்ன செய்தார் என்பதை இன்னொருவருக்குச் சொல்வது. அவ்வளவுதான்.

நாத்திகரிடம் இது ஏன் தடுமாறுகிறது? நாம் எடுத்த எடுப்பிலேயே பைபிள் வசனம் சொல்கிறோம். வேதத்தை அவர் ஆதாரமாகவே ஏற்கவில்லையே! ஊருக்குப் புதிதாக வந்தவரிடம் "பழைய மணிக்கூண்டுக்கு எதிரே" என்று வழி சொல்வதுபோல்தான் இது. மணிக்கூண்டே தெரியாதவருக்கு அந்த அடையாளம் எதற்கு? "இப்போது எங்கே நிற்கிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

இயேசுவின் செய்தியை ஊர் ஊராகச் சொன்ன அப்போஸ்தலர் பவுல் இதைத்தான் செய்தார். தெசலோனிக்கே ஊரில், வேதத்தை ஏற்ற யூதர்களின் ஜெப ஆலயத்தில் வேதவாக்கியங்களை எடுத்துப் பேசியவர், கிரேக்கர்களின் அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தில் 'அறியப்படாத தேவனுக்கு' என்று எழுதியிருந்த பலிபீடத்தைச் சுட்டிக்காட்டித் தொடங்கினார். அவர்களுடைய கவிஞர்களின் வரியையே எடுத்துச் சொன்னார் (அப்போஸ்தலர் 17).

ஆகவே முதலில் கேளுங்கள். சிலருக்கு அறிவியல் சார்ந்த கேள்வி. சிலருக்கோ, பதில் கிடைக்காத ஒரு ஜெபம், ஒரு மரணம். அப்படிப்பட்டவரிடம் தர்க்கம் பேசுவது கொடுமை என்றே நினைக்கிறேன். பக்கத்தில் உட்காருங்கள், போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். கேட்பவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லச் சொல்கிறது 1 பேதுரு 3:15.

வாதத்தில் ஜெயித்தால் மனம் மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அத்தேனேயில் பவுல் பேசியபோதே சிலர் கேலி செய்தார்கள், சிலர் பிறகு கேட்கிறோம் என்றார்கள், சிலர்தான் விசுவாசித்தார்கள்.