ரெசின் ஆர்ட் தொடங்க 14,000 ரூபாய் வேண்டுமா?

வாசகர் கேள்வி: எனக்கு 33 வயது. திருச்சியில் இருக்கிறோம், மகனுக்கு 4 வயது. ஆறு மாதமாக ரெசின் ஆர்ட் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது. விசாரித்த இடத்தில், இரண்டு நாள் வகுப்பும் 'முழு கிட்'டும் சேர்த்து 14,000 ரூபாய், மூன்றே மாதத்தில் விற்று எடுத்துவிடலாம் என்கிறார்கள். கணவர் தடுக்கவில்லை, ஆனால் "இதெல்லாம் காசைக் கரைக்கிற வேலை" என்கிறார். உண்மையில் எவ்வளவு செலவாகும்? பால்கனியோடு சேர்ந்த சின்ன அறை ஒன்று இருக்கிறது, அங்கே செய்யலாமா? என் கல்யாண மாலையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அதை ரெசினில் போட்டு வைப்பதுதான் என் முதல் ஆசை.

பதில்:

அன்புத் தோழி, அந்த 14,000 ரூபாயைக் கட்டாதீர்கள். மூவாயிரத்து ஐந்நூறிலிருந்து நாலாயிரத்துக்குள் நீங்கள் ஒழுங்காக, பாதுகாப்பாக ஆரம்பிக்க முடியும். இரண்டாயிரத்துக்குள்ளேயே முடிக்கலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு, அவர்கள் எதை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறார்கள் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் பொருள் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். நம் வீட்டில் உடைந்ததை ஒட்ட வாங்கும் அரால்டைட், குழாய்க் கசிவை அடைக்கும் எம்-சீல், இவை இரண்டும் எபாக்ஸி வகை. ரெசின் ஆர்ட்டுக்கு வாங்குவதும் அதே எபாக்ஸிதான், ஆனால் தண்ணீர் போல் தெளிவாக, ஊற்றுகிற பதத்தில் இருக்கும். மோல்டு எனும் அச்சில் ஊற்றி, கெட்டியானதும் டம்ளர் வைக்கும் கோஸ்டர், கீசெயின் என்று எடுக்கலாம். ஒரு பாட்டிலில் ரெசின், இன்னொன்றில் அதைக் கெட்டியாக்கும் ஹார்டனர். சொன்ன விகிதத்தில் கலந்தால் ரசாயன மாற்றம் நடந்து கெட்டியாகிறது, வெறுமனே காய்வதில்லை. அதனால் விகிதம் தப்பினால் எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் பிசுபிசுப்பு போகாது. பொருளும் வீண், அந்த மோல்டும் பல நேரம் வீண்.

ஹார்டுவேர் கடையில் 'ரெசின்' என்று பாதி விலையில் ஒன்று கிடைக்கும். அது பெரும்பாலும் ஃபைபர் வேலைக்கான பாலியெஸ்டர் ரெசின். தாங்க முடியாத நெடி, அதற்கான கோபால்ட் திரவத்தையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கிற ஆபத்தே உண்டு. குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

சரி, கணக்குக்கு வருவோம். விலை கடைக்குக் கடை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நான் சொல்வது தோராயம். ஆர்ட் ரெசின் ஹார்டனரோடு சேர்த்து ஒரு கிலோ 1,000 ரூபாய். கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு 350. நைட்ரைல் கிளவுஸ் நூறு கொண்ட பெட்டி 450. ஆவியைத் தடுக்கும் கேட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் உள்ளூர் கம்பெனியில் 1,000 ரூபாய்க்கு அக்கம்பக்கம், பெயர் பெற்ற கம்பெனி என்றால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஒரு கோஸ்டர் மோல்டு, ஒரு கீசெயின் மோல்டு இரண்டும் சேர்த்து 250. மூன்று நான்கு நிறம் 250. அளவுக் கப்பும் குச்சியும் 150, கீழே விரிக்க ஷீட், துடைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹால் என்று ஒரு 150. கூட்டிப் பார்த்தால் 3,600. மாஸ்க்கையும் கிளவுஸையும் தராசையும் எடுத்துவிட்டால் 1,800-க்கு இறங்கிவிடும். மலிவாக ஆரம்பிக்கலாம் என்று சொல்கிறவர்கள் எடுத்துவிடுவது அந்த மூன்றைத்தான்.

அந்த மூன்றில் மட்டும் கை வைக்காதீர்கள், காரணத்தைச் சொல்கிறேன். கெட்டியாகாத எபாக்ஸி, ரெசினும் சரி, ஹார்டனரும் சரி, தோலில் படப் பட ஒவ்வாமையைக் கொண்டுவரும். முதல் நாளே வராது, பல மாதம் ஒன்றும் இல்லாமல் இருந்து திடீரென்று கையிலும் இமையிலும் அரிப்பும் தடிப்புமாக வரும், ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அந்தப் பொருளின் பக்கமே போக முடியாது. மணமே இல்லை, அதனால் மாஸ்க் வேண்டாம் என்று விளம்பரத்தில் சொல்வதை நம்பாதீர்கள், மணம் இல்லாவிட்டாலும் ஆவி உண்டு. துணி மாஸ்க்கும் கொரோனா காலத்து மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கிற தூளுக்கு என்-95 போதும், அதையும் தண்ணீர் நனைத்துத் தேய்த்தால் தூளே பறக்காது. கையில் பட்டுவிட்டால் தின்னர், அசிட்டோன் போட்டுத் துடைக்காதீர்கள், அது தோலுக்குள் இன்னும் இறக்கிவிடும். டிஷ்யூவால் வழித்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தராசு எதற்கு? லேபிளில் 2:1 என்று போட்டிருப்பது கப்பில் ஊற்றும் அளவா, எடையா என்பதில்தான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ரெசின் ஹார்டனரைவிடக் கனம். அளவில் 2:1 என்றால் எடையில் 100 கிராம் ரெசினுக்கு 50 கிராம் ஹார்டனர் ஆகாது, அதைவிடக் குறைவாகவே வரும். தயாரிப்பாளர் எடை விகிதத்தையும் போட்டிருந்தால் தராசில் நிறுத்துச் செய்யுங்கள், அளவு விகிதம் மட்டும்தான் இருக்கிறது என்றால் கோடு போட்ட கப்பையே நம்புங்கள். வீணாகும் ரெசினோடு ஒப்பிட்டால் 350 ரூபாய் தராசு எவ்வளவோ லாபம். ஆனால் அதே தராசைத் திரும்பச் சமையலறைக்குக் கொண்டுபோகக் கூடாது.

வகுப்புக்காரர்கள் தரும் 'முழு கிட்'டில் என்ன இருக்கும்? இருபது நிறம், பத்து மோல்டு, கிளிட்டர், தங்கத் தாள், மூன்று நான்கு கிலோ ரெசின். திறந்த ஹார்டனர் மாதங்கள் போகப் போக மஞ்சளாகிக்கொண்டே வரும், அதில் கண்ணாடி போல் தெளிவான பொருள் வராது. மாதம் அரை கிலோ செய்தாலே ஒரு பொழுதுபோக்குக்கு அதிகம். நிறத்தில் வெள்ளை, ஒரு நீலம், தங்க நிறத்தில் மினுங்கும் மைக்கா பவுடர், இவை மூன்றும் போதும், அப்புறம் கை பழகியதும் எது வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். நேரில் பார்த்துக் கற்றால்தான் மனதில் பதியும் என்றால் கிட் இல்லாத ஒருநாள் வகுப்பு மட்டும் போய் வாருங்கள், ஆளுக்கு மாஸ்க் கொடுக்காமல் மூடிய ஏசி அறையில் நடத்துகிறார்கள் என்றால் அங்கிருந்து திரும்பி வந்துவிடுங்கள்.

மிச்சம் பிடிக்கிற இடங்களும் உண்டு. ரெசின் பாலித்தீனில் ஒட்டாது, அதனால் மேசைக்குத் தடிமனான பாலித்தீன் ஷீட் விரித்தால் சிந்தியது மறுநாள் உரிந்து வந்துவிடும். வீட்டில் கிடக்கிற சிலிகான் கேக் அச்சு உதவும், ஆனால் அதற்குப் பிறகு அதில் கேக் செய்யக் கூடாது. சூடான காற்றடித்துக் குமிழியைப் போக்கும் ஹீட் கன் உடனே வேண்டாம். மெதுவாக மூன்று நான்கு நிமிடம் கப்பின் ஓரமும் அடியும் வழித்துக் கலக்கி, நூல் போல ஊற்றினாலே பாதிக் குமிழி குறையும், மேலே வருகிறதைக் குச்சி முனையால் குத்திவிடலாம். ஊர் பெரிதாக இருந்தால் நேரில் போய் வாங்குங்கள். சென்னைப் பக்கம் வந்தால் பாரிமுனைத் தெருக்களில் மோல்டும் நிறமும் ஆன்லைனைவிடக் குறைவாகக் கிடைக்கும், கையில் தொட்டுப் பார்த்தும் வாங்கலாம்.

இப்போது அந்த 'விற்று எடுத்துவிடலாம்' கணக்கு. நாலு அங்குல கோஸ்டர், 7 மில்லிமீட்டர் கனம் என்றால் சுமார் 60 கிராம் ரெசின் பிடிக்கும். கப்பில் ஒட்டிப்போவது கழித்தால் ஒரு கிலோவுக்குப் பதினைந்து வரும். ரெசின் மட்டும் 60 ரூபாய், நிறம், கிளவுஸ், சேதாரம் சேர்த்தால் ஒன்றுக்கு 75, 80 ஆகிவிடும். நாலு கொண்ட செட்டுக்கு முந்நூறுக்கு மேல் பொருளே போகிறது, அதற்குமேல் ஓரம் தேய்ப்பது, மேலே இரண்டாவது கோட், பெட்டி, கூரியர், உங்கள் நேரம். ஆன்லைனில் அதே செட்டை எந்த விலைக்கு விற்கிறார்கள் என்று நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள். 12 அங்குலக் கடிகாரம் என்றால் 200 கிராம் ரெசின், பலகை, மெஷின் எல்லாம் சேர்ந்து 450 வரை போகும், அதில் ஓரளவு நிற்கும், ஆனால் முதல் கிலோவிலேயே விற்கிற தரத்துக்குக் கடிகாரம் யாருக்கும் வருவதில்லை. முதல் கிலோ முழுக்கக் கற்றுக்கொள்ளத்தான். உங்கள் கணவரிடம் இதைச் சினிமாவுக்குப் போகிற செலவாக, புத்தகம் வாங்குகிற செலவாகச் சொல்லுங்கள், திரும்பி வரும் பணம் என்று சொல்லாதீர்கள். உங்களுக்கென்று மாதம் ஐந்நூறு ரூபாய் செலவழிக்க எந்த நியாயமும் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். விற்பனை ஆசை காட்டிக் கிட் விற்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதும் இதனால்தான்.

பால்கனி அறை தாராளமாகப் போதும், கதவும் ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். மொட்டை மாடி வேண்டாம், தூசியும் பூச்சியும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஊற்றியதும் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து மூடிவிட்டு அறையைப் பூட்டுங்கள். மோல்டிலிருந்து எடுக்க 24 மணி நேரம் ஆகும், முழுதாக இறுகக் குறைந்தது மூன்று நாள், அதுவரை மகன் தொடக் கூடாது. மிச்சமானதைச் சிங்கில் ஊற்றக் கூடாது, கப்பிலேயே இறுகவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

திருச்சி வெயிலில் இன்னொரு கவனம். லேபிளில் 30 நிமிடம் வேலை நேரம் என்று இருந்தால் அது 25 டிகிரிக்குச் சொன்னது. சித்திரை வெயிலில் பாதி நேரத்திலேயே கெட்டிப்பட ஆரம்பிக்கும். அரை கிலோவை ஒரே கப்பில் கலக்கி வைத்தால் தன் சூட்டிலேயே கொதித்து, புகைந்து, கப்பே உருகும், ஆகவே ஒரு தடவைக்கு 100, 150 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். கோடையில் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் காற்றின் ஈரத்தால் மேலே எண்ணெய் பூசியது போல் படலம் வரும், அந்த நாட்களில் ஓய்வெடுங்கள். செய்து முடித்த கோஸ்டரில் கொதிக்கக் கொதிக்க காபி டம்ளர் வைத்தால் தடம் விழும், சாதாரண ஆர்ட் ரெசின் அந்தச் சூட்டைத் தாங்காது. சூடான சாப்பாட்டுத் தட்டாகவும் எதையும் செய்ய வேண்டாம்.

மாலையைப் பற்றி. தயவுசெய்து அதை முதல் வேலையாக எடுக்காதீர்கள். எட்டு அங்குலச் சதுரம், இரண்டு அங்குல கனம் என்றால் இரண்டு கிலோவுக்கும் மேல் பிடிக்கும், அதுவும் ஆழமாக ஊற்றுவதற்கான காஸ்டிங் ரெசின் வேண்டும், இல்லையென்றால் ஒரு சென்டிமீட்டர் அடுக்காகப் பல நாள் ஊற்ற வேண்டும். ஒரே ஒரு அடுக்கு தப்பினாலும் மாலை போனது போனதுதான், திரும்ப எடுக்க வழியில்லை. பூவில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் உள்ளே பழுப்பேறும், குமிழி கிளம்பும். சிலிகா ஜெல்லில் சில நாள் வைத்து ஈரத்தை முழுக்க எடுத்துவிடுங்கள். காய்ந்த ரோஜா ரெசினில் நனைந்ததும் இன்னும் கருத்துத் தெரியும், மல்லிகை எப்படியும் பழுப்புதான், அன்றிருந்த வெள்ளை வராது. உதிர்ந்து கிடக்கிற இதழ்களில் நாலைந்தை எடுத்து, தெளிவான ஆக்ரிலிக் ஸ்பிரே லேசாக அடித்துக் காயவைத்து, ஒரு கோஸ்டரில் போட்டுப் பாருங்கள். அந்த நிறம் மனதுக்குப் பிடித்திருந்தால், நான்கைந்து கிலோ கைப்பழக்கம் ஆன பிறகு மாலைக்குப் போகலாம். ரெசின் எதுவானாலும் வெயில் பட்டால் வருடங்களில் மஞ்சளாகும், யூவி தடுப்பு சேர்த்தது கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான், அதனால் ஜன்னல் பக்கம் மாட்டாதீர்கள்.

யூவி ரெசின் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வீடியோ பார்த்து ஆசை வரும். புற ஊதா (யூவி) விளக்கில் சில நிமிடத்தில் இறுகுவது உண்மை, கம்மல், பதக்கம் அளவுக்கு நல்லது. கிராம் கணக்கில் விலை பல மடங்கு, கனமாக ஊற்றினாலோ அடர்நிறம் சேர்த்தாலோ உள்ளே இறுகாது. கோஸ்டருக்கு அது ஆகாது, கிளவுஸும் மாஸ்க்கும் அதற்கும் வேண்டும்.

இந்த மாதம் பாதுகாப்புப் பொருளும் தராசும் வாங்குங்கள், அடுத்த மாதம் ரெசினும் மோல்டும். பாட்டில் வந்ததும் லேபிளில் விகிதம் அளவா எடையா, தயாரித்த மாதம் எது என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் மூடியைத் திறக்காமல் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.